நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள்

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பாஸ் மிஸ். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைப் பாதியில் ‘பாஸ்’ செய்து, திரையில் வாய் திறந்தபடி உறைந்துபோன பாடகனைக் கம்பால் தட்டித் தட்டித் தோலுரிப்பதுதான் அவள் பாடம் நடத்தும் முறை. “மிஸ் பாஸ் பண்ணுவாங்க, யாரையும் பாஸ் போட மாட்டாங்க” என்ற சிலேடை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறக்கும். சொல்கிற ஒவ்வொருவனும் அதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வான். அவள் காதிலும் அது விழாமல் இல்லை. “சிலேடை சுமார்தான். சொல்லிட்டு யார் சிரிக்கிறாங்கன்னு சுத்திப் பாத்தியே, அந்த இடம் ரொம்ப மோசம்” என்று ஒருவனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் அந்த வருடம் முழுக்க அவள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

காட்சி ஊடகம் சொல்லித்தரும் கல்லூரி அது. மேல்மாடியின் கோடியில், ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்த அறை அவளுடையது. ப்ரொஜெக்டர் சூடேறினால் பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். பாடத்திட்டத்தில் அவள் பாடத்துக்குப் ‘பாட்டு வீடியோக்களிலும் ஆல்பம் விளம்பரங்களிலும் காட்சி உத்திகள்: ஒரு பகுப்பாய்வு’ என்று முழநீளப் பெயர் போட்டிருந்தார்கள். அவள் சுருக்கமாக ஏமாத்து வேலை என்பாள்.

முதல் வகுப்பிலேயே சத்தத்தை அணைத்துவிடுவாள். அதுவரை கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் திடீரென்று யாரோ விளக்கைப் போட்டது போல இருக்கும்.

“இப்பப் பாருங்க. இசை இருந்தப்ப இவன் தவிச்சான். இசை போனதும் பல்வலிக்காரன் மாதிரி இருக்கான். அப்ப தவிப்பு இவன்கிட்ட இல்ல, வயலின்கிட்ட இருந்திருக்கு.”

அடுத்து ஆல்பம் சுவரொட்டி. பாடகன் ஒருவன் செருப்பில்லாமல் பழைய சுவரில் சாய்ந்திருப்பான்.

“சுவர் ஏன் உரிஞ்சிருக்கு? ஆழமாம். சுவர் உரிஞ்ச வீட்டுல குடியிருக்கறவனைக் கேளுங்க, ஆழமா ஒழுகலான்னு அவன் சொல்வான். கண்ணு ஏன் நம்மளைப் பாக்காம ஓரமாப் போகுது? அங்க ஏதோ தெரியுதாம். அங்க டீ கொண்டுவந்த ஆள் நிக்கிறான்.”

பாட்டில் சொல்ல வேண்டியது தீர்ந்துபோனதும் கேமரா வானத்துக்குக் கிளம்பி ஊரையே காட்டும் அல்லவா, அதற்கு அவள் வைத்த பெயர் ‘தப்பி ஓடுதல்’. நாயகி திரும்பிப் பார்க்கும்போது முடி மட்டும் பறந்து பின்னாலிருக்கும் மரத்தில் ஓர் இலைகூட அசையாமல் இருப்பதைக் காட்டி, “இந்த ஊர்ல காத்து ஆள் பாத்து அடிக்கும்போல” என்பாள். ஆனால் அவளுடைய அடிவயிற்றுக் கோபத்தைக் கிளப்பிய உத்தி வேறு. பாட்டின் நடுவில், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு முதியவரின் முகம் திரை முழுக்க வரும். தோலின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். கண்ணில் ஒரு துளி நீர் திரண்டு, விழுவதா வேண்டாமா என்று நிற்கும்.

“பாடறவனுக்குச் சின்ன வயசு. வாழ்க்கைன்னு ஒண்ணும் நடக்கல. அதனால ஒரு கிழவர் முகத்தை வாடகைக்கு எடுக்கறாங்க. சுருக்கம் அவரோடது, சோகம் கிளிசரினோடது, பேர் மட்டும் பாடகனோடது.”

கடைசியில் அவள் எப்போதும் சொல்வது ஒன்றுதான். “இதெல்லாம் வேலை செய்யும். அதனாலதான் அசிங்கம்.”

இவ்வளவு பேசுகிறவளின் வீடு எதில் ஓடியது என்று கேட்டால், புகையில் ஓடியது. அவள் கணவர் படப்பிடிப்புகளுக்கு விளக்கும், புகை இயந்திரமும், ஆளுயர மின்விசிறியும் வாடகைக்கு விடுகிறவர். கீழ்த்தளம் அவருடைய கிடங்கு, மேல்தளம் குடியிருப்பு. படிக்கட்டில் சுருட்டி வைத்த கேபிள்களைத் தாண்டித்தான் அவள் தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும். அவள் வகுப்பில் கிழிக்கும் வீடியோக்களில் பாதிக்குப் புகை போட்டவர் அவர்தான்.

“சொல்ல வேண்டியது இல்லாத இடத்துல புகை போடறாங்க. நீங்க அதுக்கு உடந்தை” என்பாள்.

“எவ்வளவு புகை வேணும்னுதான் கேப்பேன். எதுக்குன்னு கேட்டா அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுவான்” என்பார் அவர், இயந்திரத்தின் மூக்கைத் துடைத்தபடி. மனிதருக்கு ரோஷமும் கிடையாது, கோபமும் கிடையாது. அவளுடைய ஏளனம் அவர் மேல் பட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

வழுக்காத ஆள் ஒருவர் வீட்டில் இருந்தார். மாமனார். பெரிய மருத்துவமனை ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வுபெற்றவர். பிள்ளை பிறந்த செய்தியோடு ஏறுகிறவர்களையும், எல்லாம் முடிந்து இறங்குகிறவர்களையும் ஒரே பெட்டியில் ஏற்றி இறக்கி, எதுவும் காதில் விழாதவர் போல நின்று நின்று, அவர் முகம் அப்படியே படிந்துவிட்டது. நீளமான முகம். சிரித்தாலும் தெரியாது, பசித்தாலும் தெரியாது. நாக்கு மட்டும் நல்ல கூர்மை. மருமகளுக்கும் அவருக்கும் நடக்கும் பேச்சைக் கேட்டால் வெளியாள் சண்டை என்று நினைப்பான். அது சண்டை இல்லை, இருவருக்கும் பொழுது போகும் விதம்.

“நீ பாட்டை நிறுத்தி நிறுத்தித் திட்றதுக்குச் சம்பளம் தர்றாங்களாம். நான் லிஃப்டை நடுவுல நிறுத்தினா மெமோ தருவாங்க” என்பார்.

“லிஃப்டு யாரையும் ஏமாத்தாது மாமா. மேலன்னா மேலதான் போகும்.”

“பாதி நாள் போகாது” என்று அவர் முடித்துவைப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் அது நடந்தது. காலையில் பேருந்திலிருந்து இறங்கிக் கல்லூரி வாசலை நோக்கித் திரும்பினாள். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் முந்தின நாள் வரை ஒரு குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் இருந்தது. இப்போது அங்கே ஒரு வீட்டின் அகலத்துக்கு அவள் மாமனார் இருந்தார். பாதி முகம் இருட்டில். மூக்கின் ஓரக் குழியில் வெளிச்சம். இடது கண்ணில் ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. ஓரத்தில் கொடி போல மெலிந்த எழுத்தில் ஆல்பத்தின் பெயர்: ‘நனைந்த நிழல்’. கீழே மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒரு பாடகன் சின்னதாக நின்றான்.

பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி, “மிஸ், நீங்க சொல்வீங்களே வாடகைச் சுருக்கம், அது இதுதானே?” என்று ஆசையாகக் கேட்டாள்.

அவள், “நிழல் எப்படி நனையும்னு முதல்ல யோசிச்சுட்டு வா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று வகுப்பில் எதையும் அவளால் சரியாகக் கிழிக்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கிடங்கிலேயே கணவரைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் எளிமையானதுதான். அவர் புகை போடப் போன படப்பிடிப்புக்கு, ஏற்பாடு செய்த முதியவர் வரவில்லை. மாமனார் பொழுது போகாமல் கூட வந்து மின்விசிறிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். டைரக்டர் பார்த்தான், கூப்பிட்டான், முடிந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா நீ விட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்” என்றார் கணவர். அவரைப் பொறுத்தவரை அதோடு பேச்சு முடிந்தது.

மேலே மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவள் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

“எதை நினைச்சு மாமா அழுதீங்க?”

“கண்ணுல மருந்து போட்டாங்க. எரிச்சல் தாங்கல. சாப்பாடு எப்ப வரும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“ஊரே அதைப் பாத்து உருகுது.”

“உருகட்டும். நான் எத்தனையோ பேர் நிஜமா அழறதைப் பாத்தவன். அவங்க முகமெல்லாம் கோணிப்போகும், மூக்கு ஒழுகும், பாக்க நல்லாவே இருக்காது. இந்த மாதிரி ஒரு துளி தேன் மாதிரி எவனும் அழ மாட்டான்” என்றார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, “மூக்கு நல்லா வந்திருக்குல்ல?” என்று கேட்டார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பாட்டு பரவிற்று. சாதாரணமாக அல்ல, காட்டுத்தீயாக. டீக்கடையில் அது, ஆட்டோவில் அது, முடிதிருத்தும் கடையில் அது. அவளுடைய சொந்த அக்கா போன் செய்து, “உன் மாமனார் முகத்தைப் பாத்ததும் எனக்கு நம்ம அப்பா ஞாபகம் வந்துருச்சுடி, ஒரு பாட்டம் அழுதுட்டேன்” என்றாள். அப்பா உயிரோடுதான் இருந்தார். அந்த அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே இருந்தார். “அப்பாவைப் பாக்கணும்னா தெருவைத் தாண்டிப் போ” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

சில நாளில் கல்லூரி முதல்வர் அவளைத் தம் அறைக்கு அழைத்தார். முதல்வர் என்பவர் எந்த வாக்கியத்திலும் ‘இண்டஸ்ட்ரி’ என்ற சொல்லை நுழைத்துவிடக் கூடியவர். தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் இண்டஸ்ட்ரி ஒத்துழைப்போடு சரிசெய்வோம் என்பார். அவருக்கு எதிரில், பெரிய கேக் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் டைட்டில்.

டைட்டில் அவளுடைய பழைய மாணவன். படிக்கிற காலத்தில் அவன் எடுத்த குறும்படங்களில் டைட்டில் மட்டும் பிரமாதமாக ஓடும், அதற்குப் பிறகு படம் இருக்காது. அப்படி வந்த பெயர். ‘நனைந்த நிழ’லை எடுத்த டைரக்டர் அவன்தான்.

எழுந்து நின்று, “எல்லாம் உங்களாலதான் மிஸ்” என்றான். கண் கலங்கியிருந்தது. அவள் பழக்கதோஷத்தில் அந்தக் கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

“நான் என்ன பண்ணினேன்?”

“நீங்க வகுப்புல கிழிச்சது ஒண்ணுவிடாம எனக்கு மனப்பாடம் மிஸ். உரிஞ்ச சுவரு, ஓரப் பார்வை, முடிக்கு மட்டும் காத்து, கடைசியில மேல போற கேமரா, கிழவர் முகம். அப்படியே வரிசையா வச்சேன். தயாரிப்பாளர் அழுதுட்டார்.”

“நான் அதெல்லாம் ஏமாத்து வேலைன்னு சொன்னேன்.”

“இதெல்லாம் வேலை செய்யும், அதனாலதான் அசிங்கம்னு சொன்னீங்க. நான் முதல் பாதியை எடுத்துக்கிட்டேன் மிஸ்.”

அவன் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. முகத்தில் சுத்தமான நன்றி இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. எலிப்பொறி எப்படி வேலை செய்கிறது என்று எலிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பொறி செய்ய வந்தவர்கள். கட்டணம் கட்டி வந்தவர்கள். கல்லூரி வாசலில் அதைத்தான் எழுதியும் வைத்திருந்தார்கள், அவள்தான் படிக்கவில்லை.

ஆல்பத்தின் வெற்றி விழாவுக்கு அவள் வர வேண்டும், மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பதுதான் டைட்டில் வந்த காரியம். அவள் முடியாது என்று வாயெடுக்கும் முன் முதல்வர், “இண்டஸ்ட்ரியே நம்ம வாசலுக்கு வந்திருக்கு” என்று கேக்கை வெட்டிவிட்டார்.

வாயில் வைத்த கேக் இறங்குவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். போவது. போய், அவர்கள் மேடையிலேயே, அவர்கள் திரையிலேயே, அந்தப் பாட்டைக் கிழித்து நாராகத் தொங்கவிடுவது.

விழா அரங்கம் பளபளவென்று இருந்தது. மேடை முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புகை. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். ஓரத்தில், திரைக்குப் பின்னால், அவள் கணவர் இயந்திரத்தின் மேல் குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். முன்வரிசையில் மாமனார், புதுச் சட்டையில், பாடகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாடகனை அவள் அன்றுதான் முகத்தோடு பார்த்தாள். நல்ல பிள்ளையாகத் தெரிந்தான். முதுகே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் முறை வந்ததும் ரிமோட்டைக் கேட்டு வாங்கினாள். பாட்டை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்தாள். அரங்கம் நெளிந்தது. முதல் இடத்தில் நிறுத்தினாள்.

“இந்த இடத்துல பாடகர் கடலைப் பாக்கறார். கடல் பதிலுக்கு ஒண்ணும் சொல்லல. ஏன்னா அதுக்குப் பாட்டு புரியல. எனக்கும்தான்.”

சிரிப்பு. அவள் அடுத்த இடத்துக்கு ஓட்டினாள். உரிந்த சுவரைச் சொன்னாள். அசையாத மரத்தைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போயிற்று. பாடகனே தொடையைத் தட்டிச் சிரித்தான். கடைசியில் மாமனாரின் முகத்தில் நிறுத்தினாள். அரங்கம் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“இந்தக் கண்ணீர் கிளிசரின். உண்மைன்னு நம்பினா, பாட்டு முடியறதுக்குள்ள நீங்களும் அழுவீங்க. அழுங்க. ஆனா யாருக்காக அழறோம்னு ஒரு நிமிஷம் நிறுத்திட்டு யோசிங்க.”

எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் ஆடிப்போனாள். செருப்பு வரும் என்று எதிர்பார்த்து வந்தவளுக்குப் பூங்கொத்து வந்தது. ஆல்பம் கம்பெனியின் விளம்பர மேலாளர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளம்பெண், ஓடிவந்து கட்டிப்பிடித்து, “செம்ம மேம்” என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் மாமனார், “நல்லாத்தான் பேசினே. உனக்கும் மேடை ஒத்துவருது” என்றார். அவளுக்கு அது பாராட்டாகவே பட்டது. அன்று அவள் சந்தோஷமாகத்தான் தூங்கினாள்.

அடுத்த வாரம் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றிக் கும்பலாக இருந்தார்கள். அவளைக் கண்டதும் போன் பைக்குள் போயிற்று.

“என்னது?”

முன்வரிசைப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள்.

புகை. புகைக்குள்ளிருந்து மிகமிக மெதுவாக ஒரு பெண் உருவம் எழுகிறது. பாதி முகம் இருட்டில். முடி ஒன்று பறந்து நெற்றியில் விழுகிறது. பின்னால் வயலின். அந்தப் பெண் பேசுகிறாள்: “இந்தக் கண்ணீர்…” மாமனாரின் கண். “உண்மை…” பாடகனின் முதுகு, கடல். “நீங்களும் அழுவீங்க.” கேமரா வானத்துக்குக் கிளம்புகிறது. மெலிந்த எழுத்து: ‘எதையும் நம்பாதவரே நம்பிய ஆல்பம்.’

அவள் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். கிளிசரினையும் ‘நம்பினா’வையும் எடுத்ததோடு, அவள் சொன்ன ‘உண்மைன்னு’வில் ‘ன்னு’வையும் வெட்டியிருந்தார்கள். ஒரு சின்ன வால். அது போனதும் அவளுடைய வாழ்நாள் வேலை தலைகீழாகிவிட்டது.

வராந்தாவுக்கு வந்து விளம்பர மேலாளருக்குப் போன் போட்டாள்.

“மேம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். பயங்கர ரீச் மேம்.”

“என் ‘ன்னு’ எங்க?”

“என்ன மேம்?”

“ன்னு. நான் ‘உண்மைன்னு நம்பினா’ன்னு சொன்னேன். நீங்க வெறும் ‘உண்மை’ மட்டும் போட்டிருக்கீங்க. எனக்கு அந்த ‘ன்னு’ வேணும்.”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் யாரோ கீபோர்டில் தட்டும் ஓசை. “அது எடிட்ல டைட் பண்ணிருப்பாங்க மேம். ஃபீல் அப்படியேதான் இருக்கு.”

“ஃபீலே மாறிப்போச்சு.”

“ஆனா மேம், நீங்க ரொம்ப அழகா வந்திருக்கீங்க” என்றாள் அந்தப் பெண், உண்மையான ஆறுதலோடு.

டைட்டிலைக் கூப்பிட்டாள். அவன், “உங்களைக் கௌரவப்படுத்தத்தான் மிஸ்” என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேட்டாள். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதையும் ரெக்கார்ட் பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும் மிஸ்” என்றான். கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், நிகழ்ச்சியில் பதிவாகும் எதையும் பயன்படுத்த ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. சுவரொட்டிகளில் சின்ன எழுத்தைத் தேடிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்.

வீட்டில் யாரிடம் சொல்லி ஆறுவது? கணவர் வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “புகை கொஞ்சம் அதிகமாயிருச்சு” என்றார். அக்கா போனில் அழுதாள். தங்கச்சி உருகிவிட்டதற்காக அழுதாளாம்.

மறுநாள் கறுப்புத் துணி அடித்த அறையில் அவள் அந்த விளம்பரத்தையே திரையில் போட்டாள். சத்தத்தை அணைத்தாள்.

“இந்தப் பெண்மணியைப் பாருங்க” என்று ஆரம்பித்தாள். “பாதி முகம் இருட்டு. ஆழமாம். முடி பறக்குது, பின்னால திரைச்சீலை அசையல. மெதுவா ஓட்டியிருக்காங்க, ஏன்னா வேகமா ஓட்டினா சாதாரணமா ஒரு டீச்சர் நடந்துவர்றது தெரிஞ்சுபோகும். இங்க ‘ன்னு’வை வெட்டியிருக்காங்க. இதெல்லாம் அவங்க வேலை.”

பின்னோக்கி ஓட்டினாள். ‘இந்தக் கண்ணீர்’ என்ற வரிக்கு முன்னால், அரங்கம் அடங்கக் காத்திருந்த இடத்தில் நிறுத்தினாள். திரையில் அவள் மோவாய் சற்று உயர்ந்திருந்தது. கண் கூட்டத்தைத் தாண்டி ஓரமாக எங்கோ பார்த்தது. உதட்டோரம், அடுத்த வரி எப்படி விழும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு சுழிப்பு.

கம்பு அங்கேயே நின்றது.

“இது அவங்க வேலை இல்ல” என்றாள். “இதை எந்த எடிட்டரும் பண்ண முடியாது. இந்த இடைவெளியை இந்தம்மாவே விட்டிருக்காங்க. கைதட்டலுக்கு எடம் ஒதுக்கியிருக்காங்க. அங்க ஓரமா என்ன தெரியுதாம்? ஒண்ணும் தெரியல. கேமரா எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.”

முன்வரிசைப் பெண் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப நீங்க திட்டினதும் அதே உத்திதானா மிஸ்?”

“திட்டினது சரி. திட்டின அழகு இருக்கே, அது அவங்க சரக்கு. அதனாலதான் ஒரு வாலை வெட்டினதும் அவ்வளவு சுலபமா அவங்க பக்கம் சாஞ்சிருச்சு. நல்லாப் பாத்துக்கோங்க. எழுதிக்கோங்க.”

அன்று யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் உடம்பு லேசானது போல இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு பாடத்தை ஒழுங்காக நடத்திய திருப்தி.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் அவளுக்கு வெற்றி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. விளம்பரம் ஓடி ஓடித் தானே ஓய்ந்தது. அவள் வகுப்புக்குப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். பாதிப்பேர் விளம்பரத்தில் வந்த மிஸ்ஸைப் பார்க்க வந்தவர்கள், இன்னும் பாதிப்பேர் பொறி செய்யக் கற்க வந்தவர்கள். முதல்வர் புகைக்குள்ளிருந்து அவள் எழும் படத்தையே கல்லூரியின் கையேட்டு அட்டையில் போட்டார். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் இண்டஸ்ட்ரி என்றார். அவள் அந்தக் கையேட்டையே ஆண்டுத் தேர்வில் பகுப்பாய்வுக் கேள்வியாக வைத்தாள். வினாத்தாளில் கையெழுத்துப் போட்ட முதல்வர் அதைப் படிக்கவில்லை. விடைகளில் கல்லூரி கிழிந்த கிழியைப் பார்த்து அவள் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். ஒரு மாணவன், முதல்வருடைய செய்தி அச்சாகியிருந்த பக்கத்தில் அவர் கை மேசைமேல் ஊன்றியிருப்பது ‘சொந்த மேசை இல்லாதவர் நிற்கும் நிலை’ என்று எழுதியிருந்தான். அவனுக்கு மதிப்பெண்ணை அள்ளிப்போட்டாள்.

விளம்பரப் பலகையில் மாமனார் முகம் மழையிலும் வெயிலிலும் வெளுத்து, ஒருநாள் அங்கே வீட்டுக் கடன் விளம்பரம் ஏறியது. சிரிக்கும் குடும்பம், கையில் சாவி. மாமனார் பேருந்தில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். “நாலு பேருக்கும் ஒரே பல் செட்டு” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கேலி செய்யலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். அப்படி ஒன்று தோன்றியும் அதை விட்டுவிடுவது அவளுக்குப் புதுசு.

பிறகு ஒரு மூட்டுவலித் தைலக் கம்பெனிக்காரர்கள் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஊரை அழவைத்த முகம் வலியால் துடிப்பதாகக் காட்ட வேண்டுமாம். அவள் வாசலிலேயே மறித்துக்கொண்டு, மருந்து போட்டுக் கண்ணை எரியவிடக் கூடாது, பாதி முகத்தை இருட்டில் வைக்கக் கூடாது, சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும் என்று அவர்களை உலுக்கி எடுத்தாள். “இந்தப் பொழப்புக்கு நீயும் வந்துட்டே” என்றார் மாமனார். “சும்மா இருங்க மாமா, நான் உங்க கண்ணுக்காகப் பேசறேன்” என்றாள். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. மற்றபடி அவர்கள் இஷ்டத்துக்கே எடுத்தார்கள்.

விளம்பரம் தொலைக்காட்சியில் வந்த அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். மாமனார் படியில் ஏறுகிறார், நிற்கிறார், முழங்காலைப் பிடிக்கிறார். தைலம். அடுத்த நொடி துள்ளிக்கொண்டு ஏறுகிறார்.

“எப்படி?” என்று கேட்டார் மாமனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“முழங்கால் நல்லா நடிச்சிருக்கு” என்றாள் அவள். “நீங்கதான் கொஞ்சம் ஓவர்.”

“போடி” என்றார் அவர். கணவர் அடுத்த படப்பிடிப்புக்குப் பெட்டிகளை ஏற்றக் கீழே இறங்கிப் போனார்.